நாமக்கல்லுக்குப் போன ஒரு புட்டிக் கடல்

மடியில் மண்பானை இருந்ததால்தான் சென்ட்ரல் நிலையத்தில் அன்று காலை எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பேச்சில் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. அண்டா குண்டா, தையல் இயந்திரம், கூண்டோடு கிளி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஜனங்கள் மேற்கே போகும் வண்டிகளில் ஏறினார்கள். பெண்கள் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்த ஓர் அம்மாள், வாழப்பாடிக்காரர், என் பானையையும் அதன் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியையும் பார்த்தார். சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"யாருதும்மா? அப்பாவா?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அஸ்தி இல்லைங்க. இதில் இருப்பது உயிருள்ளது" என்றேன்.

அம்மாள் இரண்டு கால்களையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார். "பாம்பா?"

எதிரே இருந்தவர்களும் நகர்ந்தார்கள். இப்படியாக எனக்கு ஓர் ஆள் அல்ல, இரண்டு ஆள் உட்காரும் இடம் கிடைத்தது. சேலம் ஜங்ஷனுக்கு இருநூற்றேழு மைல். மூன்றாம் வகுப்புக்கு மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா. அந்தப் பணத்துக்கு இவ்வளவு வசதி அந்த மாதத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

பானையில் இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முக்கால் பானை ஈர ஆற்றுமணல். மணலில் புதைத்து, மெழுகு வைத்து வாயடைத்த பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள். நடுவில் அகன்ற வாயுள்ள ஒரு புட்டி. அதன் வாயில் பஞ்சடைப்பு, பஞ்சின் மேல் எண்ணெய்க் காகிதம், காகிதத்தின் மேல் நூல். புட்டிக்குள் கால் படி கடல்நீரும், விரல்நகம் அளவு நண்டு ஓடும். பானைக்கு வெளியே, என் பையில், சுத்தம் செய்து உலர்த்திய நண்டு ஓடுகள் ஒரு பொட்டலம்.

நான் கடலில் வாழும் நுண்கிருமிகளைப் பற்றிப் படிப்பவள். கிருமி என்றதும் காலரா, காசம் என்று நோய்கள்தான் நினைவுக்கு வரும். நான் படிக்கும் கிருமிகள் யாருக்கும் நோய் தருவதில்லை. என் கேள்வி மிகவும் எளியது. கடலில் உள்ள ஒவ்வொரு நண்டும் இறாலும் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போடுகிறது. வளர்ந்து முடிந்தபின் செத்துப்போகிறது. இது எத்தனையோ யுகங்களாக நடக்கிறது. அப்படியானால் கடலின் அடிப்பகுதி முழுவதும் ஓடாகத்தானே நிரம்பியிருக்க வேண்டும்? நிரம்பவில்லை. ஏதோ ஒன்று அவற்றைத் தின்று, தண்ணீரில் கரைத்து, மறுபடி பாசிக்கு உணவாக்கிக் கொடுத்துவிடுகிறது. அந்த ஏதோ ஒன்றைக் காசிமேட்டுச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. புட்டியில் இருந்தது அதுதான்.

குழாய்களில் இருந்தவை மற்ற இனங்கள். செத்தாலும் மறுபடி தேடிப் பிடித்துவிடலாம். புட்டியில் இருந்ததோ பிடிவாதக்காரக் கிருமி. மற்றவற்றை வளர்க்கும் கடற்பாசிக் கூழில் வளராது. நண்டு ஓடும் கடல்நீரும் இருந்தால் மட்டும் வளரும். இரண்டு புட்டிகள் வைத்திருந்தேன். கடற்கரையை ஒட்டிய எங்கள் ஆய்வுக்கூடத்தை மூடச் சொல்லி, ஐஸ் பெட்டியை நிறுத்திய வாரத்தில் ஒன்று செத்தது. மிச்சமிருந்ததை இரண்டாகப் பிரித்து வைக்க நல்ல கடல்நீர் வேண்டும். கடற்கரையிலோ ராணுவத்தார் முள்கம்பி போட்டு யாரையும் விடவில்லை.

கோயம்புத்தூருக்குப் புறப்பட்ட எங்கள் பேராசிரியர் சொன்னது இதுதான்: "ஜூலையில் மூன்று பேர் வந்து உன் வேலையைப் பார்ப்பார்கள். எழுதி வைத்திருப்பதைக் காட்டாதே. உயிரோடு காட்டு. காட்டினால் உதவித்தொகை இன்னும் இரண்டு ஆண்டு. இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

இல்லையென்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது.

ஜோலார்பேட்டையில் இறங்கி, குழாயடியில் மணலை மறுபடி நனைத்துக்கொண்டேன். அதற்குள் வாழப்பாடி அம்மாளின் பயம் தெளிந்துவிட்டது. மொரப்பூர் தாண்டும்போது அவரே முந்தானையால் பானைக்கு விசிறினார். "உள்ள இருக்கறதுக்கு வேர்க்குமோ என்னமோ" என்றார்.

மாலையில் சேலம் ஜங்ஷன். இரவைப் பெண்கள் காத்திருக்கும் அறையில் கழித்துவிட்டு, காலையில் சூரமங்கலத்திலிருந்து ஜட்கா பிடித்து நான்கு மைல் போய் நகரத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். முப்பத்திரண்டு மைலுக்குப் பதினோரு அணா. பெட்ரோல் கிடைக்காத காலம் ஆகையால் அது கரியில் ஓடும் பஸ். பின்புறத்தில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியை மூட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். அரைமணி நேரம் அடித்தால் எஞ்சின் ஒருமுறை தும்மும். பயணிகள் கைதட்டுவார்கள்.

ராசிபுரம் தாண்டியதும் இடதுபுறம் கொல்லிமலை நீளமாகக் கூடவே வந்தது. சாலையின் இருபுறமும் உழுது போட்ட மானாவாரி நிலம், சோளத்தட்டைப் போர்கள், பனைமரங்கள். கடற்கரையில் பிறந்தவளுக்கு இந்த ஊர்களில் ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்துகொண்டே இருந்தது. நாமக்கல்லின் ஒற்றைப் பாறை கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது: காற்றில் உப்பு இல்லை.

நாமக்கல்லில் என்னை அழைத்துப்போக ராமசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். விடுதியில் என்னுடன் தங்கிப் படித்த தோழியின் அண்ணன் அவர். தோழி திருச்சியில் ஆசிரியை. "நீ போய் எங்கள் வீட்டில் இரு, அண்ணி பார்த்துக்கொள்வாள்" என்று எழுதியிருந்தாள். மோகனூர் சாலையில் இரண்டரை மைலில் அவர்கள் ஊர். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

அண்ணியின் பெயர் பாவாயி. முப்பது வயது இருக்கும். வாசலில் நின்று பானையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"வாங்க அம்மிணி. பொண்ணு வரும்போது சீரு ரெண்டு வண்டியில வரும்பாங்க. நீங்க ஒத்தப் பானையோட வந்துட்டீங்களே!"

பானையை எங்கே வைப்பது என்பதுதான் என் முதல் கேள்வி. வீடு முழுவதும் சுற்றி, கையை வைத்துப் பார்த்து, ஓரிடம் கண்டேன். சமையலறையை அடுத்த இருட்டு மூலையில், ஒரு முழ உயரத்துக்கு ஈரமணல் கொட்டி, அதன்மேல் குடிநீர்ப் பானைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியபோதும் அந்த மணல் சில்லென்று இருந்தது. என் புட்டியையும் குழாய்களையும் ஓட்டுப் பொட்டலத்தையும் அங்கே மணலோரம் குடியேற்றினேன்.

"இது என்னங்க பண்ணும்?" என்று கேட்டார் பாவாயி.

நண்டு ஓட்டைப் பற்றிச் சொன்னேன். 

"அப்ப உங்க கடலுக்கும் ஒரு குப்பக்குழி இருக்குதுங்க."

"இருக்கிறது. அந்தக் குப்பைக்குழியை எருவாக்குகிறவர்கள் இவர்கள்தான்."

"சாகாம எப்பிடிங்க வெச்சிருக்கறது?"

"பாலுக்கு உறை ஊற்றுவதில்லையா? பழையதில் ஒரு துளி எடுத்துப் புதுப் பாலில் விடுகிறீர்கள். அதுபோலத்தான். பழைய புட்டியில் ஒரு துளி எடுத்துப் புதுக் கடல்நீரில் விட வேண்டும்."

"அதுக்குக் கடல் தண்ணி வேணுமில்லீங்க?"

"வேண்டும். அதுதான் இல்லை."

சென்னையில் ஆய்வுக்கூடத்தைக் காவல் காக்கத் தங்கிவிட்ட காவல்காரருக்கு எழுதினேன். அவருக்குக் கட்டுமரக்காரர்களைத் தெரியும். இரண்டு வாரம் போனது. அதற்குள் நான் அந்த வீட்டில் கற்றுக்கொண்டவை: கம்மஞ்சோறு உருட்டிச் சாப்பிடுவது, கிணற்றில் படியிறங்கிக் குளிப்பது, எருமை என்னைக் கண்டு மிரளாமல் இருக்க எந்தப் பக்கமாக நடப்பது. கடைசியில் காவல்காரரிடமிருந்து செய்தி வந்தது. வைக்கோல் சுற்றிக் கூடையில் வைத்த கண்ணாடி ஜாடியில் கடல்நீரை ரயில் பார்சலாகச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்.

நான் புறப்பட்ட அன்று அந்த வீட்டில் ஒரு கவலை இருந்தது. அதே வளவில், நாலு வீடு தள்ளி, ராமசாமியின் பெரியப்பா ஒரு வாரமாகப் பேச்சில்லாமல் படுத்திருந்தார். "நீங்க போயிட்டு வாங்க அம்மிணி. ரெண்டு நாளா அப்பிடியேதான் இருக்கறாரு" என்று பாவாயி முந்தின நாள் மாலையே சொல்லியிருந்தார். விடியுமுன் நான் கிளம்பிவிட்டேன்.

சூரமங்கலத்தில் பார்சல் குமாஸ்தா கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, சேலத்துல தண்ணிக் கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காகக் கடல் தண்ணியவா வரவழைப்பாங்க?"

"ஆராய்ச்சிக்கு, ஐயா."

"இதை எந்தக் கணக்குல எழுதறது? சோடான்னு எழுதினா சோடா இல்ல. மருந்துன்னு எழுதினா டாக்டர் சீட்டு வேணும்." மேலே அதிகாரி இருக்கும் அறையை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, "தீர்த்தம்னு போட்டுடறேன். காசித் தீர்த்தம் வருது, ராமேஸ்வரம் தீர்த்தம் வருது. யாரும் கேட்க மாட்டாங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் எழுதியது திரும்பி வரும் வழியில் பலித்துவிட்டது. மல்லூர் ஏற்றத்தில் பஸ் நின்றது. முன்னால் ஆவி பறந்தது. கண்டக்டர் என் காலடிக் கூடையைக் கண்டுவிட்டார்.

"அம்மிணி, அதுல தண்ணிதானுங்களே? ரெண்டு சொம்பு குடுத்தீங்கன்னா வண்டி போயிருமுங்க."

"இது கடல் தண்ணீர். ஊற்றினால் உங்கள் எஞ்சின் துருப்பிடித்துவிடும்."

"கடல் தண்ணியா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். "ஒரு சொட்டுக் குடுங்க சாமி. தலையில வெச்சுக்கறேன். ராமேசரம் போறதுக்கு எனக்கு எந்தக் காலத்துல முடியப் போவுது?"

எப்படியும் காய்ச்சிப் பயன்படுத்தப் போகும் தண்ணீர்தான். மூடியைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றினேன். பஸ்ஸிலிருந்த எல்லோரும், டிரைவர் உட்பட, விரலால் தொட்டுத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நெசமாலும் உப்புதானுங்க!" என்று மற்றவர்களுக்கு அறிவித்தார். எஞ்சினுக்குக் கண்டக்டர் போய்ப் பக்கத்துக் கிணற்றில் சேந்திக்கொண்டு வந்தார். காவல்காரர் காசிமேட்டிலிருந்து அனுப்பிய தண்ணீர் இருபது பேருக்குத் தீர்த்தமாகிவிட்டதை எண்ணிக்கொண்டே நாமக்கல்லில் இறங்கி, வாடகை வண்டி பிடித்தேன்.

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்களின் ஒப்பாரி தூரத்திலேயே கேட்டது. பெரியப்பா அன்று காலையில் போய்விட்டார், மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

ராமசாமியின் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் குடிநீர்ப் பானைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. வீட்டுக்குள் ஈரத்தரை பளபளத்தது. இருட்டு மூலைக்கு ஓடிப் பார்த்தேன். மணல் இல்லை. சாணம் போட்டு மெழுகிய தரை மட்டும் இருந்தது. மணலை வாரிப் பொடக்காளியில், அதாவது புழக்கடையில், கொட்டியிருந்தார்கள். அதைக் கையால் துழாவினேன். கண்ணாடி எதுவும் அகப்படவில்லை. நண்டு ஓட்டுப் பொட்டலத்தின் காகிதம் மட்டும் கிழிந்து கிடந்தது. ஓடுகளைக் கோழிகள் கொத்திவிட்டிருந்தன.

யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. பங்காளி வீட்டில் சாவு என்றால் இவர்களுக்கும் தீட்டு. வீட்டில் நின்ற தண்ணீரையும், சமைத்ததையும், பாலையும் மோரையும் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவுவது அவர்கள் முறை. என் பொருளைத் தண்ணீர் மணலில் வைத்தது நான்.

பாவாயி தலைகுளித்து, ஈரக்கூந்தலோடு சற்றுத் தள்ளி நின்றார். "மண்ணுல என்னத்தத் தேடறீங்க அம்மிணி?"

கிழிந்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன்.

"உங்க புட்டியுங்களா? அது எங்கண்ணன் ஊட்டுல இருக்குதுங்க."

அவர் சொன்னது இது. முந்தின நாள் இரவே பெரியப்பாவின் மூச்சு மாறிவிட்டது. விடிந்தால் உறையைக் கொட்ட வேண்டியிருக்கும். அதனால், சாவு விழும் முன்பே, உறைமோரைக் கிண்ணத்தோடு கூடையில் வைத்துத் தன் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாமன் மச்சான் வீட்டுக்கு இந்தத் தீட்டு இல்லை. கருமாதி முடிந்தபின் அதை வாங்கிக்கொண்டால் வீட்டு உறை அறாமல் இருக்கும். அப்படி அனுப்பியபோது என் புட்டியையும் குழாய்களையும் அதே கூடையில் வைத்திருக்கிறார். நான் சேலத்துக்குப் புறப்பட்டபோது மூலையில் அவை இல்லை. அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

"சொல்லலாம்னு பாத்தேனுங்க. நீங்க காலங்காத்தால ஓடிட்டீங்க. ஓடு பொட்டலம் மறந்து போச்சு, அது ஒண்ணுதான்" என்றார். அழுது சிவந்திருந்த கண்களோடு கொஞ்சம் சிரித்தார்.

வாடகை வண்டியை அப்படியே திருப்பச் சொன்னேன். காட்டு வழியில் ஒன்றரை மைல். ஜாடி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கியது. நான் அன்று முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதி ஒன்றரை மைல்தான் நீடித்தது.

பாவாயியின் அண்ணன் மனைவி பெயர் நாச்சம்மாள். பாவாயியைவிட மூத்தவர், நல்ல உயரம், உரத்த குரல். ஆனால் அன்று வாசலில் நின்ற தோற்றத்திலேயே ஏதோ நடந்துவிட்டது தெரிந்தது.

"வாங்க அம்மிணி. ஏனுங்க, உங்க ஒறை தோயவே மாட்டேங்குதுங்களே!"

ஒரு வீட்டு உறையைப் பாதுகாக்கக் கொடுத்தால், அதைச் சும்மா வைத்திருப்பது பாதுகாப்பாகாது. அன்றே பாலில் ஊற்றித் தோய வைக்க வேண்டும். மறுநாள் அதிலிருந்து மறுபடி. அந்தப் பொறுப்பை ஏற்றவர் தவறாமல் செய்ய வேண்டும். நாச்சம்மாள் தவறவில்லை. பாவாயியின் உறையைத் தனிப் பாலில் விட்டார், அது தோய்ந்தது. கூடையில் கூடவே வந்த புட்டியிலும் வெள்ளையாய்க் கலங்கிய நீர் இருந்ததால் அதையும் ஒரு கிண்ணம் பாலில் இரண்டு கரண்டி விட்டார். மெழுகு வைத்த குழாய்கள் திறக்கவில்லை, தப்பின.

"காத்தால பாத்தா பாலு நாறிப் போச்சுங்க. நாத்தம்னா நாத்தம், எரும கூட மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பாவம், பசியில தளந்து கெடக்குதாட்ட இருக்குதுன்னு வெதுவெதுன்னு கொஞ்சம் பாலு புட்டிக்குள்ளயே ஊத்தி வெச்சேன். எளச்ச ஒறைக்கு அப்பிடித்தானுங்க பண்ணுவோம்."

புட்டியை வாங்கிப் பார்த்தேன். கடல்நீர் தயிர்த் தெளிவுபோல் இருந்தது. மேலே கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது. முகர்ந்தேன், புளித்த வாடை. இரண்டு ஆண்டு வேலை.

 என் முகத்தைப் பார்த்து நாச்சம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"கொன்னுட்டனுங்களா?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எனக்கே தெரியாது. அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்காகச் சொன்னேனா, எனக்காகவா, தெரியவில்லை. பாலில் வந்த கிருமிகள் புட்டிக்குள் புகுந்துவிட்டன. அவை வேகமாகப் பெருகும்; என் கிருமியை நெருக்கிக் கொல்லும். ஆனால் அவற்றுக்கு வேண்டியது பால். நண்டு ஓட்டைத் தின்ன அவற்றால் முடியாது. கடல் உப்பும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஓட்டை மட்டும் வெளியே எடுத்துக் கழுவி, புதுக் கடல்நீரில், புது ஓட்டோடு, வேறு எந்த உணவும் கொடுக்காமல் வைத்தால், ஓடு தின்னத் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். யாராவது மிஞ்சியிருந்தால்.

"கடல் தண்ணி வண்டியில இருக்குதுங்களே!" என்று எழுந்தார்.

"இருக்கிறது. ஓடு இல்லை. கோழி தின்றுவிட்டது."

"நண்டுதானுங்களே வேணும்? கடல் நண்டுதான் ஆகோணுமா, வாய்க்கா நண்டு ஆகாதுங்களா?"

அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்; நூறு கஜம் தள்ளிக் கடல் இருக்கும்போது வாய்க்கால் நண்டை யார் தேடுவார்கள்?

"தெரியாது. பார்க்கலாம்."

"இருங்க, நானே புடிச்சுட்டு வாரேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்று மடைப் பக்கம் இறங்கிப் போனார். அரை இருட்டில் வளைக்குள் கையை விட்டு, திட்டிக்கொண்டே, நான்கு நண்டுகளைப் பிடித்து வந்தார். ஒன்று அவர் கட்டைவிரலைக் கவ்வியிருந்தது. "இவன் பாலு நாத்தத்துக்குப் பழி வாங்கறானுங்க" என்றார்.

ஓட்டைப் பெயர்த்து, சாம்பல் நீரில் வேகவைத்துச் சதையை நீக்கினோம். சுண்ணாம்புச் சத்து கரைய இரவு முழுவதும் புளித்தண்ணீரில் ஊற வைத்தோம். காலையில் ஓடு நகம்போல் வளைந்தது. கடல்நீரைக் காய்ச்சி மூடி ஆறவைத்தேன். புட்டியிலிருந்து பழைய ஓட்டுத் துணுக்கை இடுக்கியால் எடுத்து மூன்று முறை கழுவினேன். அதை இரண்டாக வெட்டி, இரண்டு சுத்தமான புட்டிகளில், ஒவ்வொன்றிலும் வாய்க்கால் நண்டின் ஓடு ஒரு சில்லோடு போட்டேன்.

அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நாச்சம்மாள் வீட்டிலேயே தங்கினேன். புட்டிகள் இருந்தது தொழுவத்தை ஒட்டிய சிறு அறையில், ஈரமணலில், இம்முறை தண்ணீர்ப் பானைகளுக்குத் தூரமாக. முதலில் இரண்டும் கலங்கின. அது நல்ல அறிகுறி அல்ல. பால் கிருமிகளும் கலங்கும். கலங்கியதிலிருந்து ஓட்டை எடுத்துக் கழுவி மறுபடி புது நீரில் போட்டேன். பிறகு நீர் தெளிந்தது. அதுவும் நல்ல அறிகுறி அல்ல; எல்லாம் செத்தாலும் தெளியும். நாச்சம்மாள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்து எட்டிப்பார்ப்பார் என்று கணக்கில்லை. "தின்னுச்சுங்களா?" என்பார். "இன்னும் இல்லை" என்பேன். "அவுங்க ஊரு சோறு இல்லேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறாங்களாட்ட இருக்குது" என்று போவார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டுச் சில்லின் ஓரம் நேராக வெட்டியது எனக்கு நினைவிருந்தது. இப்போது அது நேராக இல்லை. கரையான் அரித்த காகிதம்போல் விளிம்பு சிதைந்து, நடுவில் ஓரிடத்தில் கண்ணாடியாய் மெலிந்திருந்தது. இடுக்கியால் தொட்டால் வழுக்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நூல்போல் பிரிந்துகொண்டிருந்தது.

கூப்பிட்டேன். நாச்சம்மாள் சாணிக்கையோடு வந்தார். நெடுநேரம் உற்றுப்பார்த்தார். என்ன சொல்வாரோ என்று நின்றேன்.

"பல்லே இல்லாம இத்தனை தின்னுருக்குதுங்க" என்றார்.

இரண்டாவது புட்டியிலும் அதேதான். காசிமேட்டுச் சேற்றில் பிறந்தது, நாமக்கல் வாய்க்கால் நண்டைத் தின்று பிழைத்துக்கொண்டது.

கருமாதி முடிந்து பாவாயி தன் உறையைத் திரும்ப வாங்க வந்தார். அவரும் நாச்சம்மாளும் சேர்ந்து என் முன்னால் பால் கதையை மூன்று தடவை நடித்துக் காட்டினார்கள். எருமை முகத்தைத் திருப்பிக்கொண்ட இடம் ஒவ்வொரு தடவையும் நீண்டது. பெரியப்பா போனபிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று பாவாயி சொன்னார்.

ஜூன் கடைசியில் ஆய்வுக்கூடத்தின் ஒரு பகுதியைத் திறக்கப் போவதாகத் தகவல் வந்தது. நான் இரண்டு புட்டிகளையும் பானையில் வைத்துக்கொண்டிருந்தபோது நாச்சம்மாள் ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இது இங்க இருக்கட்டுமுங்க. எந்த ஒறையையும் ஒரே ஊட்டுல மட்டும் வெக்கறது எங்களுக்குப் பழக்கமில்லீங்க. அங்க ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா வந்து வாங்கிக்குங்க."

மறுக்கக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. குண்டு விழும் என்று பயந்துதானே அதை இங்கே கொண்டுவந்தேன்? ஜாடியில் மிச்சமிருந்த கடல்நீரைக் கொடுத்து, காய்ச்சுவது, கழுவுவது, மாதம் ஒரு சில்லு ஓடு போடுவது எல்லாம் காட்டிக்கொடுத்தேன். பால் கூடாது என்றதும், "அத நீங்க சொல்லோணுமா!" என்றார்.

நாமக்கல் பஸ் நிலையத்துக்கு இரண்டு பேருமே வந்தார்கள். கரி பஸ் கிளம்ப நேரம் எடுத்ததால் விடைபெறுவது மூன்று தடவை நடந்தது. நான்காவது தடவை எஞ்சின் உண்மையாகவே தும்மியது. வண்டி நகரும்போது நாச்சம்மாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

"அம்மிணி, மழ இல்லாம வாய்க்கா காஞ்சு, நண்டே கெடைக்காத காலம் வந்துட்டா என்னங்க பண்றது?"

"சும்மா விட்டுவிடுங்கள். காத்திருக்கும். கடலின் ஆழத்தில் எப்போது நண்டு விழும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?"

"எத்தன நாளைக்குங்க காத்திருக்கும்?"

எனக்குத் தெரியாது என்று சொல்வதற்குள் பஸ் வேகம் பிடித்துவிட்டது. சேலம் வரை முப்பத்திரண்டு மைலும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. ஓடு தின்னும் கிருமியை நான் இரண்டு ஆண்டு பார்த்திருந்தேன். தின்ன ஒன்றும் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் கடலில் பெரும்பாலான இடத்தில், பெரும்பாலான நேரம், தின்ன ஒன்றும் இருக்காது. அங்கே அந்த வேலையைச் செய்கிறவர்கள், தெரியாத ஒன்றுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலையில் மூன்று பேர் வந்தார்கள். புட்டியைப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தது. அடுத்து என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டார்கள். அது எத்தனை நாள் பட்டினி தாங்கும் என்று பார்க்கப் போகிறேன் என்றேன். ஒருவர், "இதற்கு மாற்றுப் புட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நாமக்கல் தாலுகாவில், ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில்" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். உதவித்தொகை இரண்டு ஆண்டுக்கு நீண்டது. அந்த ஜாதகத்துக்கு வேறு பெண் பார்த்துவிட்டதாக அம்மா சொன்னாள்.

இப்போது இரண்டு புட்டிகள் இருக்கின்றன. சென்னையில் என் மேசைமேல் இருப்பதற்கு ஜன்னலைத் திறந்தால் அலைச்சத்தம் கேட்கும். ஆனால் அதை நான் வேண்டுமென்றே பட்டினி போட்டிருக்கிறேன். நாமக்கல்லில் இருப்பது கடலை அறியாது. மாடு அசைபோடும் ஓசைதான் அதற்குத் துணை. ஆனால் மாதம் தவறாமல் ஒரு நண்டு கிடைக்கிறது, கட்டைவிரலில் கடிபட்டாவது ஒருவர் பிடித்து வந்து போடுகிறார். இந்த இரண்டில் எது கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், யோசித்துத்தான் சொல்வேன்.